கேட்டதும் கையெழுத்துப் போடும் ஏபிஐ

அரசுப் பள்ளி ஆசிரியர் யாரிடமாவது ‘உண்மைத்தன்மைச் சான்று’ பற்றிக் கேட்டுப் பாருங்கள், முதலில் ஒரு பெருமூச்சு வரும். வேலையில் சேர்ந்ததும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களின் நகல்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். பட்டச் சான்றிதழின் நகல் பல்கலைக்கழகத்துக்குப் போகும், அதற்கான கட்டணத்தோடு. அங்கே ஒருவர் பழைய பதிவேட்டைப் புரட்டி, ‘ஆமாம், இது நாங்கள் கொடுத்ததுதான்’ என்று பதில் எழுத வேண்டும். அந்தக் கடிதம் வந்து பணிப்பதிவேட்டில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

சான்றிதழைக் கொடுத்த அலுவலகத்தையே மறுபடி போய்க் கேட்பதற்குக் காரணம் எளிது. கையில் இருக்கும் தாளை மட்டும் பார்த்து யாராலும் முடிவு சொல்ல முடியாது. முத்திரை, ஹோலோகிராம், பச்சை மையில் போட்ட அட்டெஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் போலி செய்ய ஆள் இருக்கிறது. ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மதிப்பெண் 58-ஐ 85 ஆக்க, போட்டோ எடிட்டிங் தெரிந்த பள்ளிக்கூடத்துப் பையன் போதும்.

தாளைக் கொடுத்தவரைத் திரும்பப் போய்க் கேட்காமலேயே, ஆவணத்தை வைத்தே ‘இது இவர் கொடுத்ததுதான், கொடுத்தபிறகு ஓர் எழுத்துகூட மாறவில்லை’ என்று சொல்ல முடிய வேண்டும். இதற்காக வந்த ஏற்பாடுதான் வெரிஃபயபிள் கிரெடென்ஷியல். நான் இந்தக் கட்டுரை முழுக்க அதை டிஜிட்டல் சான்று என்றே சொல்கிறேன். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, இதன் முதல் பதிப்பை 2019 நவம்பரில் வெளியிட்டது. இப்போது புழங்குவது 2.0 பதிப்பு, 2025 மே மாதம் முறைப்படி தரமானது.

பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கலாம். கொரோனா தடுப்பூசி போட்டதும் கோவினிலிருந்து ஒரு சான்றிதழ் இறக்கினோமே, அதன் மூலையில் இருந்த பெரிய க்யூஆர் கட்டம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அந்தக் கட்டம் வெறும் இணைய முகவரி இல்லை. பெயர், வயது, ஊசியின் பெயர், தேதி, இடம் எல்லாம் அடங்கிய ஒரு சிறு ஜேசன் கோப்பு (தலைப்பும் அதற்கான தகவலுமாக எழுதும் எளிய உரை வடிவம்) சுருக்கி வைக்கப்பட்டிருந்தது, அதன் கடைசியில் ஒரு டிஜிட்டல் கையெழுத்தோடு. அந்தக் கட்டம் அவ்வளவு அடர்த்தியாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். அதை உருவாக்கிய டிவோக் என்ற திறமூல மென்பொருளை இலங்கையும் தன் தடுப்பூசிச் சான்றிதழ்களுக்கு எடுத்துக்கொண்டது.

இந்த விளையாட்டில் மூன்று பேர். சான்றை வழங்குபவர், அதை வாங்கி வைத்துக்கொள்பவர், பிற்பாடு அதைச் சரிபார்ப்பவர். கல்லூரி, மாணவர், வேலை கொடுக்கும் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாமவர் சரிபார்க்கும்போது முதலாமவருக்குத் தகவல்கூடப் போகாது. நீங்கள் எந்தெந்தக் கம்பெனியில் வேலை தேடுகிறீர்கள் என்பது உங்கள் கல்லூரிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லையே. இந்தக் கட்டுரை முதலாமவரின் வேலையைப் பற்றியது: ஒரு வலைச் சேவையை ஏபிஐ வழியே, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை சொல்லும் வாசல் வழியே, கூப்பிட்டு, அதன்மூலம் சான்றுகளைக் கையெழுத்திட்டு வழங்குவது எப்படி?

கையெழுத்து விழும் விதம்

ஒரு பயிற்சி நிலையம், டேலி படிப்பு முடித்த கோமதிக்குச் சான்று கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துக்கு முந்தைய ஆவணம் ஒரு சாதாரண ஜேசன் துண்டு. அதில் ஐந்தாறு தலைப்புகள்தான் இருக்கும். முதலில் ‘காண்டெக்ஸ்ட்’, அதாவது இந்த ஆவணத்தில் வரும் சொற்களுக்கு எங்கே பொருள் பார்க்க வேண்டும் என்ற முகவரிப் பட்டியல். அடுத்து ‘டைப்’, இது என்ன வகைச் சான்று என்பது. ‘இஷ்யூயர்’ என்பது வழங்குபவரின் அடையாளம். ‘வேலிட்ஃப்ரம்’ எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பது. கடைசியாக ‘கிரெடென்ஷியல் சப்ஜெக்ட்’. சொல்ல வந்த சேதி முழுவதும் இதற்குள்தான்: யாருக்கு, என்ன படிப்பு, என்ன தேர்ச்சி.

இதன்மேல் கையெழுத்துப் போட இரண்டு சாவிகள் வேண்டும். தனிச்சாவி வழங்குபவரிடம் மட்டும் இருக்கும், பொதுச்சாவி ஊருக்கே தெரியும். தனிச்சாவியால் போட்ட கையெழுத்தைப் பொதுச்சாவியால் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச்சாவியை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது. இன்று பரவலாகப் புழங்கும் எட்25519 என்ற முறையில் பொதுச்சாவி 32 பைட், கையெழுத்து 64 பைட். அவ்வளவு சின்னது.

கையெழுத்துப் போடுமுன் நடக்கும் ஒரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. ஜேசனில் பெயர் முதலில் வந்தாலும் தேதி முதலில் வந்தாலும் பொருள் ஒன்றுதான். நடுவே நாலு இடைவெளி கூடுதலாக இருந்தாலும் பொருள் மாறாது. ஆனால் கணிதத்துக்கு அது வேறு ஆவணம். அதனால் முதலில் ஆவணத்தை ஒரு நிலையான வரிசைக்குக் கொண்டுவருகிறார்கள். யார் செய்தாலும், எந்தக் கணினியில் செய்தாலும் ஒரே வடிவம்தான் கிடைக்கும். அந்த வடிவத்தை எஸ்ஹெச்ஏ-256 என்ற சூத்திரத்தில் போட்டால் 32 பைட் நீளத்துக்கு ஒரு சுருக்கம் வரும். கையெழுத்து பற்றிய விவரங்களுக்கும் (எந்த முறை, எந்தச் சாவி, எப்போது, எதற்காக) இதேபோல் 32 பைட் சுருக்கம். இரண்டையும் ஒட்டினால் 64 பைட். தனிச்சாவி கையெழுத்திடுவது இந்த 64 பைட்டின்மேல்தான். ஆவணம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. கிடைத்த கையெழுத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றி ‘ப்ரூஃப்’ என்ற தலைப்பில் ஆவணத்தோடு சேர்த்துவிட்டால் டிஜிட்டல் சான்று தயார்.

தமிழில் பெயர் போட்டுச் சான்று வழங்குபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘கோமதி’ என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைத்தால் க, ஓகாரக் குறி, ம, த, இகரக் குறி என்று ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் மொத்தம் 15 பைட். அதே ஓகாரத்தை முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் சேமிக்கலாம். அப்போது ஆறு குறிகள், 18 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எஸ்ஹெச்ஏ-256-க்கு இவை இரண்டு வேறு பெயர்கள். சுருக்கம் முற்றிலும் மாறிவிடும்.

மேலே சொன்ன வரிசைப்படுத்தும் வேலை, தலைப்புகளின் வரிசையையும் இடைவெளிகளையும்தான் சரிசெய்கிறது. எழுத்து வடிவங்களை ஒன்றாக்குவதில்லை. எனவே கையெழுத்து விழுந்தபிறகு வழியில் ஏதோ ஒரு தரவுத்தளமோ செயலியோ ‘உதவி செய்கிறேன்’ என்று குறிகளைச் சேர்த்தோ பிரித்தோ வைத்துவிட்டால், உண்மையான சான்றே போலி என்று காட்டும். கொ, கோ, கௌ வரிசை முழுவதற்கும் இந்தத் தொல்லை உண்டு. தீர்வு எளிது: யூனிகோடில் என்எஃப்சி என்று ஒரு சீர்வடிவம் இருக்கிறது, கையெழுத்துக்கு அனுப்பும் முன்பே எல்லாப் பெயர்களையும் அதற்கு மாற்றிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் இதற்கு இடம் கொடுப்பதில்லை, அவர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

ஏபிஐயிடம் கேட்பது

சாவி, வரிசைப்படுத்தல், சுருக்கம் எல்லாவற்றையும் ஒவ்வொரு கல்லூரியின் மென்பொருளும் தானே செய்துகொண்டிருக்க முடியாது. செய்தால் தப்பும் நடக்கும். அதனால் அந்த வேலையைத் தனியே ஒரு சேவையாக ஒதுக்கிவிட்டு, மற்ற மென்பொருள்கள் அதை இணையம் வழியே கூப்பிடும்படி வைத்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி கூப்பிடட்டும் என்பதற்காக டபிள்யூ3சியின் சமூகக் குழு ஒன்று விசி ஏபிஐ (விசி என்பது வெரிஃபயபிள் கிரெடென்ஷியலின் சுருக்கம்) என்ற வரையறையை எழுதியது.

வழங்கும் வேலைக்கு அதில் முக்கியமானது ஒரே ஒரு முகவரி: கிரெடென்ஷியல்ஸ், சாய்கோடு, இஷ்யூ. அதற்கு ஒரு போஸ்ட் கோரிக்கை, அதாவது தகவலை உள்ளே வைத்து அனுப்பும் வகைக் கோரிக்கை, அனுப்ப வேண்டும். கோரிக்கையின் உடலில் ‘கிரெடென்ஷியல்’ என்ற தலைப்பில் கோமதியின் கையெழுத்திடாத ஜேசனை வைக்கிறீர்கள். வேண்டுமானால் ‘ஆப்ஷன்ஸ்’ என்ற தலைப்பில் சில விருப்பங்கள். அனுப்பியதும் சேவை 201 என்ற எண்ணோடு பதில் தரும். புதிதாக ஒன்று உருவாகிவிட்டது என்பதற்கான வழக்கமான எண் அது. பதிலின் உள்ளே நீங்கள் அனுப்பிய அதே ஆவணம், ‘ப்ரூஃப்’ பகுதி ஒட்டப்பட்டு, திரும்பி வரும். நீங்கள் அனுப்பியதில் கோளாறு இருந்தால் 400 வரும்.

400 வருவதற்கு, புதிதாகச் செய்பவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் காரணம் காண்டெக்ஸ்ட். ‘தேர்ச்சி நிலை’ என்று ஒரு தலைப்பை நீங்களாகச் சேர்த்திருப்பீர்கள், ஆனால் அந்தச் சொல்லுக்கு எந்தக் காண்டெக்ஸ்ட் கோப்பிலும் பொருள் கொடுத்திருக்க மாட்டீர்கள். பொருள் தெரியாத சொல்லை வரிசைப்படுத்தும் மென்பொருளால் சேர்த்துக்கொள்ள முடியாது. கண்டிப்பான நூலகங்கள் (மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்கள்) அங்கேயே நிறுத்திப் பிழை காட்டும். அதைத் திட்டாதீர்கள், அது நல்லதற்கே. கண்டிப்பில்லாத நூலகம் அந்தத் தலைப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டுவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் அந்தத் தேர்ச்சி நிலையை மாற்றலாம், கையெழுத்து அப்போதும் செல்லும்.

சொந்தமாக ஒன்றை ஓட்டிப் பார்க்க விரும்பினால் டிஜிட்டல் கிரெடென்ஷியல்ஸ் கன்சார்ஷியத்தின் திறமூல மென்பொருள் நல்ல தொடக்கம். எம்ஐடி, ஹார்வர்ட், டெல்ஃப்ட், டொராண்டோ முதலிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு அது. அவர்களின் இஷ்யூயர் கோஆர்டினேட்டர், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில் ஓடும். கையெழுத்துப் போடும் சேவை ஒரு பெட்டியில், ரத்து விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் சேவை இன்னொரு பெட்டியில், இரண்டையும் ஒருங்கிணைக்கும் சேவை முன்னால். பழகிப் பார்ப்பதற்கென்று ஒரு மாதிரிச் சாவி அதோடே வருகிறது. அந்தச் சாவி உலகத்துக்கே தெரிந்தது என்பதால் உண்மையான சான்றுக்கு அதைத் தொடக்கூடாது.

ஏபிஐக்குத் தெரியாதவை

இதுவரை சொன்னது இந்தத் துறையின் சுலபமான பகுதி. நூலகத்தைப் போட்டு, சாவியைக் கொடுத்தால் ஒரு நாளில் ஓடிவிடும். நான் பார்த்தவரை, டிஜிட்டல் சான்றுத் திட்டங்களில் கூட்டங்களெல்லாம் எந்தக் கையெழுத்து முறை, எவ்வளவு பாதுகாப்பு என்பதிலேயே போய்விடுகின்றன. தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது.

கோமதி உண்மையில் டேலி படிப்பை முடித்தாரா என்பது கையெழுத்துப் போடும் சேவைக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது அதன் வேலையும் இல்லை. வடிவம் சரியாக இருந்தால் போதும், உள்ளே என்ன பொய் இருந்தாலும் அழகாகக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடும். மேசைமேல் திறந்து கிடக்கும் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, யார் எடுத்துக் குத்தினாலும் பதியும். கோவின் காலத்தில் இது நாடறிய நடந்தது. ஊசியே போட்டுக்கொள்ளாதவர்களுக்கு ‘போட்டாயிற்று’ என்று குறுஞ்செய்தியும் சான்றிதழும் வந்த புகார்கள் பத்திரிகைகளில் பரவலாக வெளியாயின. அந்தச் சான்றிதழ்களின் கையெழுத்தைச் சரிபார்த்திருந்தால் பச்சை விளக்குதான் எரிந்திருக்கும். மையத்தில் உட்கார்ந்து பட்டனை அழுத்தியவர் தந்த தகவல் தவறு. கையெழுத்தில் பிழையே இல்லை.

விசி ஏபிஐயை வகுத்தவர்கள் இதை உணர்ந்தே பொறுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். யாருக்கு என்ன சான்று கொடுக்கலாம் என்ற விதிகளைப் பார்ப்பது ஒருங்கிணைக்கும் மென்பொருள். அது சரி என்று சொன்னபின் கையெழுத்துப் போடுவது வழங்கும் சேவை. கையெழுத்துச் சேவை அந்த ஒருங்கிணைக்கும் மென்பொருளின் பேச்சை மட்டும்தான் கேட்க வேண்டும். உலாவியிலிருந்தோ, மாணவரின் செல்போன் செயலியிலிருந்தோ நேரடியாக அதைக் கூப்பிட வழியிருக்கவே கூடாது. உள் வலைப்பின்னலில் வைத்து, ஓஆத் டோக்கனோ (அனுமதிச் சீட்டு போன்றது) இருபக்கச் சான்று சரிபார்ப்போ (இரு கணினிகளும் ஒன்றையொன்று அடையாளம் பார்ப்பது) இல்லாமல் வரும் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தனிச்சாவியை எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் சரி, கையெழுத்துப் போடச் சொல்லும் கதவு திறந்திருந்தால் சாவி எதற்கு?

இதோடு எந்தக் கோரிக்கை, யார் உள்நுழைவிலிருந்து, எப்போது வந்தது என்ற பதிவும் வேண்டும். மதிப்பெண் பதிவேட்டிலிருந்து நேரடியாகத் தரவை எடுக்கிறோமா, இல்லை யாரோ ஒரு எக்ஸெல் கோப்பை ஏற்றுகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா, அப்பா பெயரை விரித்து எழுத வேண்டுமா என்ற நம்மூர்த் தகராறுகளும் கையெழுத்துக்கு முன்பே தீர வேண்டியவை. காகிதத்தில் என்றால் வெள்ளை மை தடவித் திருத்தி, பக்கத்தில் சிறு கையொப்பம் போட்டுத் தந்துவிடுவார்கள். டிஜிட்டல் சான்றில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது. பழையதை ரத்து செய்து புதிதாகத்தான் கொடுக்க வேண்டும்.

சாவி யாருடையது?

சரிபார்ப்பவர் பக்கம் வருவோம். அவர் கையில் கோமதியின் சான்று, அதற்குள் ஒரு கையெழுத்து. சரிபார்க்கப் பொதுச்சாவி வேண்டும். எங்கே போய் எடுப்பது?

வழக்கமான வழி, வழங்குபவரின் அடையாளத்தையே முகவரியாக வைப்பது. டிஐடி என்ற அடையாள முறைக்கு டபிள்யூ3சி 2022 ஜூலையில் தரம் வகுத்தது. அதில் பல வகைகள் உண்டு. மிக எளியது டிஐடி கீ. பொதுச்சாவியையே எழுத்துகளாக மாற்றி அடையாளமாக எழுதிவிடுவார்கள். எட்25519 சாவி என்றால் அது எப்போதும் இசட், 6, எம், கே என்ற நான்கு குறிகளில்தான் தொடங்கும். சோதனைக்கு அது போதும். ஆனால் அதைப் பார்த்து இது எந்தக் கல்லூரி என்று ஒன்றும் தெரியாது. நிறுவனங்கள் பெரும்பாலும் விரும்புவது டிஐடி வெப். கல்லூரியின் இணைய முகவரியிலேயே, குறிப்பிட்ட இடத்தில், பொதுச்சாவி அடங்கிய ஒரு சிறு கோப்பை வைத்துவிடுவார்கள். இணைய முகவரி கல்லூரியுடையது என்பதால் சாவியும் கல்லூரியுடையது என்று எடுத்துக்கொள்ளலாம். முகவரியைப் புதுப்பிக்க மறந்து வேறு யாராவது வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே புரியும். நிர்வாகம் மாறும்போது இணைய முகவரியையும் மாற்றும் வழக்கமுள்ள கல்லூரிகள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

அதற்குமேலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் என்று யுஜிசி அவ்வப்போது ஒன்று வெளியிடுகிறதே, அந்தப் பட்டியலில் உள்ள ஒன்று அருமையான இணையதளம் வைத்து, அருமையான சாவியால் கையெழுத்திட்டுச் சான்று தரலாம். கணக்கு சரியாக வரும். எனவே சரிபார்ப்பவருக்கு ‘இந்தச் சாவிகள் இன்னின்ன நிறுவனங்களுடையவை, இவற்றை நம்பலாம்’ என்ற பட்டியல் ஒன்று வேறு இடத்திலிருந்து வேண்டும். பல்கலைக்கழகக் கூட்டமைப்போ அரசு அமைப்போ அதைப் பராமரிக்கலாம். மேலே சொன்ன கன்சார்ஷியமும் அப்படி ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறது. பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பொதுப் பதிவேடான பிளாக்செயின் இருந்தால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது. எம்ஐடி 2017-ல் 111 பட்டதாரிகளுக்கு பிட்காயின் பிளாக்செயினில் பதிந்த டிஜிட்டல் பட்டச் சான்றிதழ் கொடுத்துப் பார்த்தது உண்மைதான். ஆனால் இன்றைய தரத்துக்கு பிளாக்செயின் கட்டாயமில்லை. எந்தச் சாவி யாருடையது என்று சொல்ல எப்படியும் ஒரு மனித ஏற்பாடு தேவைப்படுகிறது.

தனிச்சாவி களவு போனால் என்ன ஆகும்? திருடியவர் நாளைய தேதியில்தான் போலிச் சான்று கொடுக்க முடியும் என்று நினைக்காதீர்கள். ‘வேலிட்ஃப்ரம்’ என்பதில் 2019 என்று எழுதினாலும் கையெழுத்து செல்லும், ஏனென்றால் அந்தத் தேதி ஆவணத்துக்குள் யாரோ எழுதிய ஒரு வரி, அவ்வளவுதான். அதனால் அந்தச் சாவியால் அதுவரை கொடுத்த நல்ல சான்றுகள்மேலும் சந்தேகம் விழும். சாவியை நீக்கி, எல்லாவற்றையும் புதுச்சாவியால் மறுபடி வழங்க வேண்டியிருக்கும். சாவியைச் சாதாரணக் கோப்பாக சர்வரில் போட்டு வைக்காமல், எச்எஸ்எம் போன்ற பூட்டுப்பெட்டிக் கருவியிலோ மேகச் சேவைகளின் சாவிக் காப்பகத்திலோ வைக்கச் சொல்வது இதனால்தான். அங்கே கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கலாம், சாவியை வெளியே எடுக்க முடியாது.

களவு எதுவும் இல்லாமல் சும்மா சாவியைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால், பழைய பொதுச்சாவியை அந்தக் கோப்பிலிருந்து அழித்துவிடாதீர்கள். அழித்தால் நேற்றுவரை கொடுத்த எல்லாச் சான்றும் ஒரே நொடியில் செல்லாததாகிவிடும்.

ரத்து செய்வது

கொடுத்த சான்றைத் திரும்பப் பெற வேண்டிய சூழல் வரும். பெயர்ப்பிழை, தேர்வில் முறைகேடு, உரிமம் காலாவதி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கோமதியின் செல்போனில் இருக்கும் கோப்பை யாரும் போய் அழிக்க முடியாது. ‘இந்த எண் ரத்து’ என்று பெயர்ப் பட்டியல் போட்டால் அவரவர் அந்தரங்கம் தெருவுக்கு வந்துவிடும். ‘இந்தச் சான்று செல்லுமா’ என்று ஒவ்வொரு முறையும் வழங்குபவரைக் கேட்டால் யார் எங்கே காட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

பிட்ஸ்ட்ரிங் ஸ்டேட்டஸ் லிஸ்ட் என்ற முறை இதை அழகாகத் தீர்க்கிறது. எனக்கு இந்தத் தரங்களிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. குறைந்தது 1,31,072 இடங்கள் கொண்ட ஒரு நீண்ட வரிசை. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1. ஒவ்வொரு சான்றுக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கி, அந்த இட எண்ணையும் பட்டியலின் முகவரியையும் சான்றுக்குள்ளேயே எழுதிக் கையெழுத்திடுவார்கள். 0 என்றால் செல்லும், 1 என்றால் ரத்து. ஓர் இடத்துக்கு ஒரு பிட் என்பதால் மொத்தப் பட்டியலும் 16 கிலோபைட்தான். பெரும்பாலான இடங்கள் 0-ஆகவே இருப்பதால் சுருக்கினால் இன்னும் சின்னதாகிவிடும். சரிபார்ப்பவர் பட்டியல் முழுவதையும் இறக்கி, தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறார். அவர் பார்த்தது 94,567-ஆம் இடமா, 12-ஆம் இடமா என்று வழங்குபவருக்குத் தெரியாது. இடங்களை 1, 2, 3 என்று வரிசையாக ஒதுக்காமல் சீட்டுக்குலுக்கல் போலத் தருவது நல்லது, இல்லாவிட்டால் எண்ணை வைத்தே எப்போது வாங்கிய சான்று என்று ஊகித்துவிடலாம். அந்தப் பட்டியலும் வழங்குபவர் கையெழுத்திட்ட இன்னொரு டிஜிட்டல் சான்றுதான்.

விசி ஏபிஐயில் இதற்குத் தனி முகவரி உண்டு. சான்றின் அடையாள எண்ணைக் கொடுத்து ரத்து என்று சொன்னால், சேவை அந்த பிட்டை 1 ஆக்கி, பட்டியலுக்குப் புதிதாகக் கையெழுத்துப் போட்டு வெளியிட்டுவிடும். யார் ரத்து செய்யலாம் என்ற கேள்வியும் வழங்குவதைப் போலவே கண்டிப்பானது. தவறாக ரத்தாகும் ஒரு சான்று ஒருவரின் வேலையைக் கெடுக்கலாம்.

கையில் சேர்ப்பது

சான்றை மின்னஞ்சலில் ஜேசன் கோப்பாக அனுப்பினாலும் அது செல்லுபடியாகும் சான்றுதான். ஆனால் எத்தனை பேருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியும்? அதனால் செல்போனில் இருக்கும் வாலட் செயலிக்குள் நேரே இறக்குகிறார்கள். ஓப்பன்ஐடி அமைப்பின் ஓஐடிஃபோர்விசிஐ என்ற நெறிமுறை இதற்கென்றே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் குடிமக்களுக்குக் கொண்டுவரும் டிஜிட்டல் அடையாள வாலட்டும் அதைத்தான் எடுத்துக்கொண்டது. விசி ஏபிஐ நிறுவனத்தின் உள்ளே நடக்கும் உரையாடலுக்கு, ஓஐடிஃபோர்விசிஐ வாலட்டோடு நடக்கும் உரையாடலுக்கு என்று பிரித்து நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

வாலட்டில் இறக்கும்போது இன்னொரு நன்மை. வாலட் தன் சொந்தச் சாவியைக் காட்டி, அந்தச் சாவியின் அடையாளமே சான்றுக்குள் பெறுபவராக எழுதப்படும். பிறகு கோமதி சான்றைக் காட்டும்போது வாலட்டின் தனிச்சாவியால் ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டினால், சான்று அவருடையதுதான் என்று நிரூபணமாகும். கோவின் சான்றிதழில் இந்த ஏற்பாடு இல்லை. அதனால்தான் விமான நிலையத்தில் சான்றிதழோடு ஆதாரையோ பாஸ்போர்ட்டையோ சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஏற்கும் டிஜிட்டல் கையெழுத்து, உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் சான்றளித்த சாவியோடு கட்டுண்டது. உங்கள் இணையதளத்தில் நீங்களே உருவாக்கி வைத்த டிஐடி சாவி தானாக அந்த வரிசையில் வராது. பயிற்சிச் சான்று, கருத்தரங்குச் சான்று என்றால் கவலையில்லை. அரசு அலுவலகம் ஏற்க வேண்டிய ஆவணம் என்றால் முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள், அப்புறம் மென்பொருள் எழுதுபவரைக் கூப்பிடுங்கள்.

சோதித்துப் பார்க்க உட்காரும்போது, மாதிரிச் சாவியால் ஒரு சான்று வாங்கி, சரிபார்ப்பு ஏபிஐக்கு அனுப்பிப் பாருங்கள். பிறகு மதிப்பெண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அனுப்புங்கள், பிழை வர வேண்டும். தலைப்புகளின் வரிசையை மட்டும் மாற்றி அனுப்புங்கள், பிழை வரக்கூடாது. கோமதியின் ஓகாரத்தைக் கொம்பும் காலுமாகப் பிரித்து அனுப்புங்கள், பிழை வர வேண்டும். கடைசியாக, டோக்கன் எதுவும் இல்லாமல், உங்கள் அலுவலக வலைப்பின்னலுக்கு வெளியே இருந்து வழங்கும் முகவரியைக் கூப்பிடுங்கள். 201 வந்தால் வேறு எதையும் பார்க்கும் முன் அந்தச் சேவையை அணைத்துவிடுங்கள்.